கடுகு வெடித்தாலே வாந்தி

கேள்வி: மனைவிக்கு எட்டாவது வாரம். தாளிப்பு வாசனை வந்தாலே வாந்தி எடுக்கிறாள். தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் தவிர எதுவும் இறங்கவில்லை. “நாங்கள் எல்லாம் பிள்ளை பெறவில்லையா?” என்கிறார் அம்மா. குழந்தை வளருமா டாக்டர்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக வளரும். இப்போது அதன் நீளமே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதற்காகத் தட்டு நிறையத் திணிக்க வேண்டாம். தயிர்சாதம் இறங்குகிறதா, அதையே கொடுங்கள். எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு ரஸ்க், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடக்கூடாது. காலையில் குமட்டினால் இரவில் போடலாம்.

தாளிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அம்மாவிடம் பேச வேண்டியதும் நீங்கள்தான், மனைவியல்ல. பெரும்பாலோருக்கு நான்காம் மாதத்தில் குமட்டல் அடங்கிவிடும்.

ஆனால் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகிறது, எடை இறங்குகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கசிவு, கடும் வயிற்றுவலி என்றாலும் அப்படித்தான்.

கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அந்தப் பதிவு எண்ணைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள்.