உப்பளத்துப் படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் விடியற்காலையில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். இப்போது ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டரில் அதே படம். மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டார்கள். கேட்டால், "நெட்ல கிடந்துச்சு, எடுத்துக்கிட்டோம். நீங்க ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?" என்கிறார்கள். நான் பதிவு செய்யவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், நாகை மாவட்டம்

பதில்: தம்பி, பதிவு செய்யவில்லையே என்ற பயத்தை முதலில் விடுங்கள். படத்தை எடுத்த அந்த நொடியிலேயே அது உங்களுடையதாகிவிட்டது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்து வைத்தால் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான். உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அந்த உரிமை நிற்கும்.

"நெட்ல கிடந்துச்சு" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். இன்ஸ்டாகிராமில் போடும்போது அந்த நிறுவனத்துக்குத்தான் காட்டிக்கொள்ள அனுமதி தருகிறோம், ஊரில் உள்ள கடைகளுக்கு இல்லை. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்படி ஒரு தாள் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் எடுத்த தேரோட்டப் படம் ஒருநாள் ஒரு ஃபிளெக்ஸ் போர்டில் நின்றது. "இது எங்க ஆள் எடுத்தது" என்று சாதித்தார்கள். நான் நெட்டில் போட்டது ஓரம் வெட்டிய படம். கேமராவில் பதிவான வெட்டாத மூலக் கோப்பில் (ரா ஃபைல்), தேர் வடத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் தோளில் ஒரு குழந்தை, கையில் சிவப்பு பலூன். அதை பிரிண்ட் போட்டு மேஜையில் வைத்தேன். அப்புறம் அவர்கள் வாயே திறக்கவில்லை, பணமும் வந்தது. அதனால் சொல்கிறேன், உங்கள் மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் பத்திரப்படுத்துங்கள்.

காலண்டர் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்கும் அச்சடித்த பிரஸ்ஸுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில், கிடைத்ததற்கான அத்தாட்சியோடு கடிதம் அனுப்புங்கள். இவ்வளவு தொகை வேண்டும் என்று எண்ணிலேயே எழுதுங்கள். பெயரை வெட்டியதையும் தனியாகக் குறிப்பிடுங்கள். எடுத்தவர் நான் என்று சொல்லிக்கொள்வது தனி உரிமை. மசியாவிட்டால் வழக்கு. அதற்காக அச்சடித்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். தெரிந்தே திருடினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியுமா? கடை விளம்பரத்தில் இருப்பது அவர் முகம். நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். தொகை வந்தால் அவருக்கும் கொடுங்கள்.

இன்னொன்று. இந்தப் படத்தை யாரும் ஆர்டர் கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை, அதனால்தான் சிக்கல் இல்லை. கல்யாண வேலை வேறு. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போகும், வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால் தவிர. அட்வான்ஸ் வாங்கும்போதே, படங்களின் உரிமை என்னுடையது என்று ரசீதில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.