பவர் அதிகம், ஆனா ஸ்பீடு கம்மி ஏன்?

கேள்வி: சார், நம்ம ரயில்வேயோட ரெண்டு மின்சார இன்ஜின்கள்ல வாப்-7தான் வாப்-5ஐ விட பவர் அதிகம்ங்கறாங்க. அப்புறம் ஏன் மணிக்கு 160 கி.மீ. வேகத்துல ஓடற கதிமான் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு வாப்-5 போட்டாங்க?

பதில்: நல்ல கேள்விங்க. பவர் வேற, வேகம் வேற. வாப்-7 சுமார் 6350 குதிரைத்திறன், 6 அச்சு (ரெண்டு சக்கரத்த இணைக்கற தண்டு), 123 டன் எடை, 24 பெட்டியையும் அசால்ட்டா இழுத்துட்டு போகும், ஆனா சர்வீஸ்ல அதுக்கு 140 கி.மீ. வேகம்தான் லிமிட். வாப்-5க்கு 4 அச்சுதான், எடையும் 78 டன்தான்.

விஷயம் எங்க இருக்குன்னா மோட்டார மாட்டற விதத்துல. வாப்-7ல மோட்டாரோட பாதி எடை நேரா அச்சு மேல உக்காருது, நடுவுல ஸ்பிரிங் கிடையாது, அதனால வேகம் ஏற ஏற சக்கரம் தண்டவாளத்த போட்டு அடிக்கும், ட்ராக் தாங்காது. வாப்-5ல மோட்டார் முழுசா போகி ஃப்ரேம்ல (அச்சுகளத் தாங்கற சட்டம்) தொங்குது, ஸ்பிரிங்குக்கு மேல இருக்கறதால அந்த அடி ரொம்ப கம்மி. கொஞ்சம் செலவு பிடிக்கற டிசைன்தான், ஆனா 160க்கு இதுதான் சரிப்படும்.

வாப்-5 1995ல சுவிட்சர்லாந்துலருந்து ஏபிபி கம்பெனி மூலமா வந்துச்சு, அப்புறம் மேற்கு வங்காளத்துல இருக்கற சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் ஃபேக்டரில நாமளே செஞ்சோம். பிரேக் போடும்போது கரண்ட்ட திரும்ப மேல் கம்பிக்கே அனுப்பற வசதி ரெண்டுலயும் உண்டு, அதுல வித்தியாசம் இல்ல.

நீளமான ரயில்னா என் ஓட்டு வாப்-7க்குத்தான்!