தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓடும் உம்பிலோ ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? தொழிற்சாலைகள் அதை எதற்குப் பயன்படுத்துகின்றன?

சொந்த ஊர் திருப்பூர், நொய்யல் பக்கம். இப்போது டர்பனுக்கு மேலே நியூ ஜெர்மனியில் ஒரு துணி ஆலையில் சாயப் பிரிவில் வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

உம்பிலோ சின்ன ஆறு. டர்பனை அடுத்த பைன்டவுன் நகருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் பிறந்து, பைன்டவுன், குயின்ஸ்பரோ வழியாக இறங்கி டர்பன் துறைமுக விரிகுடாவில் சேர்கிறது. ஓட்டம் குறைவு, சரிவு அதிகம். கோடை மழை பிடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் பொங்கிவிடும். இங்கே குளிர்காலமான ஜூலையில் போனால் மேல்பகுதியில் பாறைக்குப் பாறை கால்வைத்தே கடந்துவிடலாம். கடைசிப் பகுதியை ஆறு என்று சொல்ல மனம் வராது. பக்கத்து ஆறான உம்லாட்டுசானாவைப் போலவே இதையும் கான்கிரீட் கால்வாய்க்குள் அடைத்துத்தான் துறைமுகத்துக்குள் விடுகிறார்கள்.

தொழிற்சாலைகள் இந்த ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு வருவது குழாய்த் தண்ணீர், உம்கெனி ஆற்று அணைகளின் தண்ணீர். உம்பிலோவுக்கு விட்டிருப்பது கழிவை வாங்கிக்கொள்ளும் வேலை. ஆலைகள் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிக் கழிவுநீரைச் சாக்கடைக் குழாயில் விடுகின்றன. அது பைன்டவுனில் உள்ள உம்பிலோ சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்கு வருகிறது.

இங்கேதான் சிக்கல். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஒட்டாமல் அலசும் தண்ணீரோடு போய்விடும். டர்காய்ஸ் நீலம் இதில் ரொம்பப் பிடிவாதம், எத்தனை முறை அலசினாலும் நிறம் விட்டுக்கொண்டே இருக்கும். சாக்கடையைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்களால் அந்தச் சாயத்தை அவ்வளவு எளிதாக உடைக்க முடியாது. சாயம் துணியில் ஏறச் சேர்க்கும் உப்பும் கூடவே போகும், அதை அவை தொடுவதே இல்லை. நான் வந்த இரண்டாம் வருஷம் ஒரு காலையில் கரையோரக் கல்லிடுக்கில் தேங்கிய நுரையைப் பார்த்தேன். ஓரத்தில் அதே நீலம். எந்த ஆலையுடையது என்று தெரியாது. ஆனால் அந்த நிறம் என் கைக்குப் பழகிய நிறம். அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு திருப்பூரில் தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். செலவு அதிகம்தான், ஆனாலும் செய்கிறார்கள். இங்கேயே, டர்பனின் தெற்கில் மியர்பேங்கில், சாக்கடை நீரைச் சுத்தம் செய்து காகித ஆலைக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் கொடுக்க 2001-ல் ஒரு நிலையம் கட்டினார்கள், நாளுக்கு 4.75 கோடி லிட்டர் அளவுக்கு.

அப்புறம், இந்த ஆற்றுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1887-ல் டர்பன் நகருக்குக் குடிநீர் கொடுக்க இதன் மேல்தான் அணை கட்டினார்கள். 1905 வெள்ளத்தில் அணை போய்விட்டது. அதன் இடிபாடுகள் பைன்டவுன் பாரடைஸ் வேலி காட்டுக்குள் இன்னும் இருக்கின்றன, நடந்தே போய்ப் பார்க்கலாம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள் 1875 வாக்கில் ஆற்றங்கரையில் கட்டிய அம்பலவாணர் ஆலயத்தையும் வெள்ளம்தான் கொண்டுபோனது. மிஞ்சிய கதவுகளைக் காப்பாற்றி வைத்திருந்து, பின்னால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பெல்லேர் சாலையில் எழுப்பிய கோயிலில் பொருத்தியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கதவில் என் கையைப் பிடித்து வைத்து, "ஆத்துத் தண்ணியிலே கிடந்தது, தம்பி" என்றார்.