பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வரைச் சேகரிப்பாளர்கள் அவ்வளவு அழகு என்று சொல்வது ஏன்?

1955-இல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த ரிவால்வர் இது. முதலில் கண்ணைப் பிடிப்பது அதன் கருநீலம். எஃகின் மேற்பரப்பில் வேதிமுறையில் உருவாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அந்த நிறம். ஆனால் அதன் ஆழம் முழுக்க அதற்கு முன்பு போட்ட மெருகில் இருக்கிறது. தோல் போர்த்திய சக்கரங்களில், மேலும் மேலும் நுண்ணிய பொடி வைத்துப் பொறுமையாகத் தேய்த்த பிறகே நீலம் ஏற்றினார்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும், பொறித்த எழுத்துகள் தேய்ந்துபோகும். அதனால்தான் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் பளபளப்பைவிட விளிம்புகளைக் கவனிப்பார். பின்னாளில் யாரோ மறுபடி நீலம் ஏற்றியது என்று தெரிந்தால் மதிப்பு நன்றாகவே குறைந்துவிடும்.

அப்புறம் உள்வேலை. பாகங்களைக் கைத்தேர்ச்சி உள்ளவர்கள் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தினார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்றில், விசையை முழுதாக இழுத்துப் பிடித்தால், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் அசையவே அசையாது. குழலின் மேலே துளையிட்ட பட்டை, கீழே முனைவரை நீளும் கனமான அடிப்பகுதி, இவை தூரத்திலேயே அடையாளம் காட்டும்.

2020-இல் துருப்பிடிக்காத எஃகில் பைத்தான் மறுபடி வந்தது. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அழகு என்றால் என் ஓட்டு பழைய நீலத்துக்குத்தான்.