ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் பாலியல் நலம் பற்றி ஒரு தமிழ் நர்ஸ் எப்படிப் பேசுவது?

கேட்டவர் சொன்னது: ஆஸ்திரேலியாவின் வடக்கே நார்தர்ன் டெரிட்டரியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது, பால்வினை நோய்ப் பரிசோதனையும் அதில் உண்டு. பண்பாட்டுப் பாதுகாப்புப் பயிற்சியை (நோயாளியின் பண்பாட்டை மதித்து, அவர் பாதுகாப்பாக உணரும்படி சிகிச்சை தருவதற்கான பயிற்சி) ஆன்லைனில் முடித்துச் சான்றிதழும் வாங்கியாச்சு. நேரில் என்ன செய்யணும்?

சான்றிதழ் என்னிடமும் இருந்தது. கையோடு வைத்துக்கொண்டே முதல் மாதம் சொதப்பினேன்.

நான் நாகர்கோவில்காரி. டெரிட்டரியில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். நாற்பது வயதிருக்கும் ஒருவர் வந்தார். "சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கா?" என்றேன். "ஆமா" என்றார். "அப்போ எரிச்சல் இல்லாம போறதே இல்லையா?" அதுக்கும் ஆமா. "எரிச்சல் இல்லைதானே?" அதுக்கும் ஆமாதான். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. புரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கிளினிக்கின் பழங்குடி சுகாதார ஊழியர் பிறகு சொன்னார்: "புரியாததால இல்ல சிஸ்டர். சீக்கிரம் விடுவீங்கன்னுதான் ஆமா சொன்னார்." ஆண்கள் விஷயம் ஆண்களோடு, பெண்கள் விஷயம் பெண்களோடு என்பது அங்கே சட்டம் மாதிரி. என் வயசுப் பெண் அதைக் கேட்டதே அவருக்கு 'ஷேம்'. நம் ஊர் வெட்கம், கூச்சம், மானம் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் அந்தச் சொல் கொஞ்சம் பிடிபடும். மறுநாள் அதே ஊழியர் கட்டடத்துக்குப் பின்னால் மரத்தடியில் அவரோடு உட்கார்ந்து முதலில் ஃபுட்பால் பேசினார். யார் யாருக்கு உறவு என்று அடுத்த பேச்சு. இருபது நிமிஷத்தில் சிறுநீர் சாம்பிள் என் கையில் இருந்தது.

சரி, வெறும் கூச்சம்தானா? இல்லை, பயமும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1908 முதல் 1919 வரை மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்னார்வனுக்கு எதிரே பெர்னியர், டோர் என்ற இரண்டு தீவுகளில் 'லாக் ஹாஸ்பிட்டல்' நடத்தினார்கள். பால்வினை நோய் இருக்கிறது என்று சந்தேகப்பட்ட பழங்குடி மக்களைப் பிடித்து, பலரைக் கழுத்தில் சங்கிலி போட்டு இழுத்துவந்து அங்கே அடைத்தார்கள். சந்தேகப்பட்டது பல நேரம் டாக்டர்கூட இல்லை, போலீஸ்காரர். நிறையப் பேர் ஊர் திரும்பவில்லை. அதோடு, நாடு முழுக்கப் பல பத்தாண்டுகள் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். அதற்காகப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில். அதற்கு முந்தைய வருஷம்தான், பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, நீங்கள் போகப்போகும் இதே டெரிட்டரிக்குள் அரசு ராணுவத்தையும் சேர்த்து அனுப்பியது. மதுவும் ஆபாசப் படமும் தடை என்று ஊர் வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள். பாட்டி, அப்பா, அம்மா எல்லோரும் குடியிருக்கும் ஊரின் வாசலில் அப்படி ஒரு போர்டு. அந்த ஊரில் போய் நாம் "கடைசியா எப்போ உறவு வச்சுக்கிட்டீங்க?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? காண்டம் கேட்டால்கூட 'வெல்ஃபேர்', அதாவது பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகும் அரசுத் துறை, வந்துவிடுமோ என்று பயப்படும் பதினைந்து வயசுப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஆபத்து என்றால் யாராக இருந்தாலும் புகார் செய்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். எதைச் சொல்ல வேண்டிவரும், எதை ரகசியமாக வைப்போம் என்பதைப் பேச்சு தொடங்குமுன்பே நேராகச் சொல்லிவிடுங்கள்.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தவர் நம் இனம்தான், அதாவது நர்ஸ் இனம். நியூசிலாந்தின் மாவோரி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். பாதுகாப்பாக இருந்ததா என்று முடிவு செய்வது சிகிச்சை வாங்கியவர், கொடுத்தவர் கிடையாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அப்படிப் பார்த்தால் நம் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியது பயிற்சி நிறுவனமே இல்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். சின்ன ஊரில் பால்வினை நோய்க்கென்று தனிக் கதவு, தனிக் கிழமை வைக்காதீர்கள். அந்தக் கதவுப் பக்கம் போனாலே ஊருக்கே தெரிந்துவிடும். பழங்குடி மக்களுக்கென வருஷா வருஷம் ஒரு முழு உடல் பரிசோதனை உண்டு, அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் அதன் எண் 715. அங்கே எல்லோருக்கும் அது "செவன் ஒன் ஃபைவ்"தான். சர்க்கரை, பிரஷர், காது, கண்ணோடு இதையும் சேர்த்துவிட்டால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு 2022 ஜூலை முதல் பெண்கள் தாங்களே சாம்பிள் எடுத்துக் கொடுக்கலாம். வருஷக்கணக்கில் பரிசோதனைப் படுக்கையில் ஏற மறுத்த ஆன்ட்டிகள் சாம்பிள் எடுக்கும் குச்சியை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் இரண்டு நிமிஷத்தில் கொண்டுவந்து தந்தார்கள். (அங்கே மூத்த பெண்களை ஆன்ட்டி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த ஒன்று மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.)

சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றிக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். 2011இல் வடக்கு குவீன்ஸ்லாந்தில் தொடங்கிய பரவல் 2013இல் டெரிட்டரிக்கு வந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளையையே கொல்லக்கூடியது. ஆனால் சில பென்சிலின் ஊசிகளிலேயே குணமாகிவிடும். பரவல் உள்ள இடங்களில் கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகாலம், பேறு, அதற்குப் பிறகு எல்லாம் சேர்த்து ஐந்து முறை ரத்தம் பார்ப்பார்கள். ஏன் இத்தனை முறை என்று சொல்லாமல் ஊசியை எடுத்தால், என் நடத்தையைச் சந்தேகப்படுகிறாள் என்றுதான் அந்தப் பெண் நினைப்பாள். "இங்கே எல்லா அம்மாவுக்கும் பார்க்கிறோம், பிள்ளைக்காக" என்று சொல்லிப் பாருங்கள், கை நீளும்.

இதெல்லாம் வெளியிலிருந்து யாரோ போய்க் கற்றுக்கொடுத்ததும் இல்லை. பழங்குடி மக்களே நடத்தும் முதல் மருத்துவ நிலையம் 1971இல் சிட்னி ரெட்ஃபர்னில் தொடங்கியது. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த 1987இல் டவுன்ஸ்வில் பக்கத்துப் பழங்குடி சுகாதார ஊழியர்கள், நர்ஸ் கிரேஸ்லின் ஸ்மால்வுட் முன்னின்று, 'காண்டோமேன்' என்று ஒரு படக்கதை வீரனையே உருவாக்கினார்கள். முகமூடியும் முறுக்கேறிய உடம்புமாக, நம் ராணி காமிக்ஸ் மாயாவி மாதிரி இருப்பான். ஷேம் ஆகாதே, காண்டம் போடு என்பதுதான் அவன் வசனம். அரசாங்கப் போஸ்டரைத் திரும்பிப் பார்க்காத பையன்கள் இவனைச் சுவரில் ஒட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழங்குடி ஊழியரிடம் விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஒரு பெண் என் காதோரம் வந்து, "அவங்க வேண்டாம், என் மாமியார் முறை" என்றாள். சில உறவுமுறைகளில் ஒரே அறையில் இருப்பதே தவறு. அன்றைக்கு அவளுக்குத் தேவைப்பட்டது யாருக்கும் சொந்தமில்லாத இந்த நாகர்கோவில்காரிதான். அதனால் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "யார் பார்த்தால் உங்களுக்குச் சரி?"

சம்பளம், வீடு, விமான டிக்கெட் எல்லாம் கேட்டிருப்பீர்கள். கையெழுத்துப் போடுமுன் இன்னொன்றும் கேளுங்கள்: அங்கே பழங்குடி சுகாதார ஊழியர்கள் எத்தனை பேர், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை? ஆண் ஒருவர்கூட இல்லை என்றால் ஊர் ஆண்களில் பாதிப்பேர் உங்களிடம் வர மாட்டார்கள். உங்கள் மேல் தப்பிருக்காது.