படி இறங்கும்போது மடங்கிவிடும் மூட்டு

கேள்வி: ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். விபத்தில் இடது கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அணிந்திருக்கும் செயற்கைக் காலில் இருப்பது சாதாரண இயந்திர மூட்டு. மாடியிலிருந்து துணிக்கட்டுடன் இறங்கும்போது இருமுறை விழுந்துவிட்டேன். கடன் வாங்கியாவது கணினி மூட்டுக்கு மாறலாமா?

பதில்: இறங்கும்போது விழுந்ததாக எழுதியிருப்பது முக்கியமான தகவல். இயந்திர மூட்டு மடங்காமல் நிற்பதற்கு, எஞ்சியிருக்கும் தொடையைச் சாக்கெட்டுக்குள், அதாவது தொடை பொருந்தி உட்காரும் கூட்டுக்குள், பின்னோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். கையில் சுமையும் கண்ணில் படி தெரியாத நிலையும் சேரும்போது அந்த அழுத்தம் ஒரு நொடி தளர்ந்தாலும் மூட்டு மடங்கிவிடும். கணினி மூட்டில் இந்தக் காவலை உள்ளே இருக்கும் சிறு கணினியே பார்த்துக்கொள்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ பாக் நிறுவனம் 1997இல் வெளியிட்ட சி-லெக் என்ற கணினி மூட்டு, மடங்கும் கோணத்தையும் காலில் இறங்கும் பாரத்தையும் நொடிக்கு 50 முறை அளந்து, ஹைட்ராலிக் எண்ணெய் செல்லும் வழியைச் சுருக்கியும் விரித்தும் எதிர்ப்பை மாற்றியது. கால் தடுக்கினால் மூட்டு சட்டென இறுகும். பாரத்தை அதன்மேல் விட்டு, அடுத்தடுத்த படிகளில் கால் மாற்றி மாற்றி மெதுவாக இறங்கலாம். ஆனால் இவ்வகை மூட்டில் உடலை மேலே தூக்கும் மோட்டார் கிடையாது. படி ஏறுவதற்கு முன்போலவே நல்ல காலைத்தான் முதலில் வைக்க வேண்டியிருக்கும்; விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

எனினும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் சாக்கெட்டைச் சோதியுங்கள். ஆறு ஆண்டுகளில் தொடைத் தசை சுருங்கியிருக்கும். மாலையில் சாக்கெட் இறுகப் பொருந்தத் தொடைமேல் கூடுதலாக ஒரு துணியுறை மாட்ட வேண்டியிருக்கிறதா, நடக்கும்போது உள்ளே கால் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த மூட்டும் தவறான செய்தியையே பெறும். புதிய சாக்கெட்டும் செயற்கைக் காலின் பாகங்களை நேராகப் பொருத்தும் சீரமைப்பும் மட்டுமே விழுவதை நிறுத்திய நிகழ்வுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் கால் தளர்ந்தால், நேரே பல லட்ச ரூபாய்க்குத் தாவாமல் பல அச்சு இயந்திர மூட்டு (ஒரே இடத்தில் அல்லாமல் பல இணைப்புகளில் மடங்குவது) ஒன்றையும் அணிந்து பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2022இல் அறிமுகப்படுத்திய ‘கதம்’ இவ்வகையைச் சேர்ந்தது. அது 160 பாகை வரை மடங்குவதால் பேருந்து இருக்கையில் காலை ஒடுக்கி உட்காரலாம். சார்ஜ் போடும் வேலையும் இல்லை. ஆனால் படியில் இறங்கும்போது பாரத்தைத் தாங்கும் வேலையைக் கணினி மூட்டுக்கு இணையாக அது செய்யாது.

தங்களைப் போல் நாள்தோறும் சுமையுடன் பலமுறை இறங்குபவருக்குக் கணினி மூட்டு தேவை என்றே நினைக்கிறேன். இருப்பினும், செயற்கை உறுப்பு வல்லுநரிடம் கேட்டுச் சில நாள்களாவது சோதனைக்கு வாங்கி, கைப்பிடியைப் பற்றியபடி, முதலில் வெறுங்கையுடனும் பிறகு துணிக்கட்டுடனும் அதே கடைப் படியில் இறங்கிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் மூட்டு எப்படி நடந்துகொள்ளும், மழையில் நனையலாமா, பழுதானால் மாற்று மூட்டு தருவார்களா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காலைத் தூக்கி எறிய வேண்டாம். பழுதுபார்க்க அனுப்பும் வாரங்களில் அதுதான் தங்களைக் கடைக்கு அழைத்துச் செல்லும்.