ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் குறைந்த செலவில் ஏர் ரைபிளும் ஸ்கோப்பும்

தோட்டத்தில் தொல்லை தரும் பன்றி, குரங்கு, எலி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் மறந்துவிடுங்கள். காட்டுப்பன்றி, குரங்கு, மயில், காட்டெருமை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி. நீங்களே சுட்டால் வழக்குதான். மிஞ்சுவது களத்திலும் குடோனிலும் திரியும் எலி.

அதற்குக் குழல் விட்டம் 0.177 அங்குலமுள்ள ஸ்பிரிங் ரைபிள் போதும். உள்ளே ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ள, அந்தக் காற்றழுத்தத்தில் பெல்லட் என்னும் சிறு ஈயக்குண்டு பாயும். 2016 ஆயுத விதிகளின்படி குழல் இந்த அளவுக்குள்ளும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில்தான். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை அதிர்ச்சியில் சாதாரண ஸ்கோப்பின் உள்ளே குறுக்குக்கோடு தளர்ந்துவிடும். அதனால் 'ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று தெளிவாகப் போட்ட 4x32 ஸ்கோப் (நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 32 மி.மீ.) வாங்குங்கள். தோட்டாத் துப்பாக்கிக்கான ஸ்கோப்பின் ஃபோகஸ் வழக்கமாக 100 கெஜத்துக்கு அமைந்திருக்கும். இருபது மீட்டர் எலி மங்கலாகத்தான் தெரியும். ஸ்கோப்பை ரைபிளில் பிடித்திருக்கும் மவுண்ட் பின்னால் நகராமலிருக்க, அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப் பின் என்ற சிறு ஊசி கட்டாயம். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றும் 3-9 ஜூமெல்லாம் கடைக்காரர் ஆசைக்கு.

அப்புறம், பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டன் சீல் போய்விடும். எலிக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். கல்சுவர் என்றால் பெல்லட் திரும்பி வரும். சரி, குடோனுக்குள் மட்டும்தான் தொல்லை என்றால் நாலு எலிப்பொறியே போதும்.